9,318 அடி உயரத்தில் ஒரு ராத்திரி

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"அமெரிக்கா போய்ட்டு வந்திருக்கீங்க, ஒரு அரை மணி நேரம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டார். இந்த நகரில் அமெரிக்கா போகாதவர்களை எண்ணினால் ஒரு கை விரல் போதும். நயாகரா, நியூயார்க், லாஸ் வேகாஸ் எல்லாம் நீங்கள் எனக்கு முன்னாலேயே பார்த்தவை. அதனால் நான் ஒரே ஒரு சின்ன ஊரைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அங்கே ஒரு விடுதியில் ஒரு ராத்திரி தங்கினோம். முழு ராத்திரிகூட இல்லை. அந்தக் கணக்கைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் ஒப்புவிக்கப் போகிறேன். முப்பத்தாறு வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கணக்கு உதைத்தால் எனக்குத் தூக்கம் வராது. இந்தக் கணக்கு ரொம்ப நாளாக உதைத்துக்கொண்டே இருந்தது.

ஊரின் பெயர் சில்வர்ட்டன். கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், சான் வான் மலைத்தொடருக்குள் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 9,318 அடி. நம் ஊட்டி சுமார் 7,350 அடி. அதாவது ஊட்டிக்கு மேலே இன்னும் கிட்டத்தட்ட 2,000 அடி. 2020 கணக்கெடுப்பில் ஊரின் ஜனத்தொகை 622. நம் நகரின் முதல் இரண்டு தெருக்களில் அதைவிட அதிகம் பேர் இருப்போம். கிரீன் தெரு என்று ஒரு பெரிய வீதி மட்டும் தார் போட்டது. குறுக்குத் தெருக்களில் பெரும்பாலும் மண்தான். சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணத்தின் அடியில் ஒட்டின பருக்கை மாதிரி ஊர்.

மகன் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸில். அது சுமார் 1,100 அடி உயரம்தான், வெயில் நம் வேலூரைத் தோற்கடிக்கும். 2024 செப்டம்பர் கடைசியில், "அப்பா, அம்மாவுக்கு இந்தச் சூடு ஒத்துக்கல. மலைக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம். பழைய நீராவி ரயில் இருக்கு" என்றான். ரயில் என்றதும் என் மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மருமகள் திட்டம் போட்டாள். துராங்கோ என்ற ஊர் வரைக்கும் காரில். அங்கே இரண்டு ராத்திரி. பிறகு ரயிலில் சில்வர்ட்டன், அங்கே இரண்டு ராத்திரி. நான் அந்தத் தாளை வாங்கி, வங்கியில் வவுச்சர் பார்ப்பதுபோல் பார்த்தேன். "துராங்கோல பார்க்க என்னம்மா இருக்கு? ஒரு ராத்திரி போதும். வீணா எதுக்கு டாலரைக் கொடுக்கணும்?" என்று ஒன்றை அடித்துவிட்டேன். அவள், "இல்ல மாமா, உயரத்துக்கு உடம்பு பழகணும்னு சொல்றாங்க" என்றாள். "நாங்க ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பார்த்தவங்கம்மா" என்றேன். இது என்னுடைய முதல் பற்று. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம். துராங்கோவிலிருந்து சில்வர்ட்டனுக்கு 45 மைல். மலையில் வெட்டியெடுத்த வெள்ளியையும் தங்கத்தையும் இறக்குவதற்காக 1881-ல் பாதை போட ஆரம்பித்து, 1882 ஜூலையில் முடித்துவிட்டார்கள். குறுகிய பாதை, மூன்றே அடி அகலம். நம் ஊட்டி ரயில் மீட்டர் பாதை. அதைவிட இது மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல் குறைச்சல். ஊட்டி ரயிலுக்கு நடுவில் பல் தண்டவாளம் உண்டு, இதற்கு அது இல்லை. ஆற்றங்கரையை ஒட்டி மெல்ல மெல்லவே ஏறுகிறது. மூன்றரை மணி நேரம். ஓரிடத்தில் பாறையைச் செதுக்கின விளிம்பில் வண்டி ஊர்ந்து போகிறது. கீழே எட்டிப் பார்த்தால் பல நூறு அடி ஆழத்தில் அனிமாஸ் ஆறு. அனிமாஸ் என்றால் ஸ்பானிஷ் மொழியில் ஆன்மாக்கள். ஆஸ்பென் மரங்கள் எல்லாம் மஞ்சளாக மாறியிருந்தன. மலை முழுக்க மஞ்சள் அரைத்துப் பூசின மாதிரி. என் மனைவி மூன்றரை மணி நேரமும் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. மகன், மருமகள், பேரன் மூன்று பேரும் காரில் முன்னால் போய் ஸ்டேஷனில் நின்றார்கள்.

விடுதி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மரக் கட்டடம். பெயர் வேண்டாம். இரண்டு மாடி, லிஃப்ட் கிடையாது, படி ஏறினால் ஒவ்வொரு படியும் ஒரு ராகம் பாடும். கூரையில் பூ வேலை அச்சடித்த தகரம். அறையில் இரும்புக் கட்டில், கனமான ஒட்டுத்துணிப் போர்வை, டிவி இல்லை. நடத்துவது ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனாலும் வருகிறவர்களின் பெயரைப் பெரிய லெட்ஜர் ஒன்றில் மையால் எழுதுகிறார். எனக்கு அந்த இடத்திலேயே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

சாயங்காலம் கணப்பு அருகில் உட்கார்ந்து பேசினோம். மகன் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வங்கி ஆங்கிலமே போதுமானதாக இருந்தது. அவர் ஊரின் கதையைச் சொன்னார். அந்த மலைகள் யூட் என்ற பூர்வகுடி மக்களுடையவை. 1873-ல் ஒரு ஒப்பந்தம் போட்டு அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு, 1874-ல் இந்த ஊரை அமைத்தார்கள். வெள்ளி கொட்டியது. பிறகு 1893-ல் வெள்ளி விலை சரிந்து கொலராடோ சுரங்கங்கள் பல மூடிக்கொண்டன. தங்கம், ஈயம், துத்தநாகம் என்று மற்றதும் கிடைத்ததால் சில்வர்ட்டன் ஒருவாறு பிழைத்துக்கொண்டது.

1893 என்றதும் எனக்குள் இருந்த பி.காம். மாணவன் விழித்துக்கொண்டான். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் இந்தியப் பொருளாதாரத் தாளுக்கு மனப்பாடம் செய்தது. அதுவரைக்கும் யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்து, இந்திய நாணயச் சாலையில் ரூபாயாக அடித்து வாங்கலாம். 1893 ஜூன் 26-ல் அன்றைய ஆங்கில அரசு அதை நிறுத்தியது. உலகத்தில் வெள்ளியைக் கணக்கில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்த ஒரு வாய் மூடிக்கொண்டது. சில நாட்களுக்குள் வெள்ளி விலை மளமளவென்று விழுந்தது. மாதம் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்கியே தீர வேண்டும் என்ற சட்டத்தை அமெரிக்க அரசும் அதே வருஷக் கடைசிக்குள் ரத்து செய்தது. இதைச் சொன்னதும் அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஓ, அப்போ அது நீங்கதானா?" என்று சிரித்தார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஒரு கதவைச் சாத்தினால், உலகத்தின் மறுகோடியில் ஒரு மலையூரில் அடுப்பு அணைகிறது. புத்தகத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தது அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்றும் சொன்னார். ஊருக்கு மேலே சன்னிசைடு என்று ஒரு சுரங்கம். அதன் தலைக்கு மேலே எம்மா ஏரி. 1978 ஜூன் 4-ம் தேதி ஏரியின் அடி உடைந்து, தண்ணீர் முழுவதும் சுரங்கத்துக்குள் பாய்ந்துவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, உள்ளே ஒரு ஆள்கூட இல்லை. வேறு எந்தக் கிழமையாக இருந்திருந்தாலும் எத்தனை குடும்பமோ. 1991-ல் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது. நம் கோலார் தங்கவயல் 2001-ல் மூடப்பட்டபோது அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். இங்கேயும் அதேதான். பலர் ஊரைவிட்டுக் கிளம்பிப் போனார்கள். மிச்சம் இருப்பவர்கள் ரயிலையும் நம்மைப் போன்ற வேடிக்கை பார்க்கிறவர்களையும் நம்பிப் பிழைக்கிறார்கள். சுரங்கம் மூடினாலும் கடன் தீரவில்லை. 2015 ஆகஸ்டில் கோல்ட் கிங் என்ற பழைய சுரங்கத்தை அரசின் சுற்றுச்சூழல் துறை ஆட்கள் ஆராயப்போக, அடைபட்டுக் கிடந்த 30 லட்சம் காலன் தண்ணீர் பீறிட்டு, அந்த அனிமாஸ் ஆறு ஆரஞ்சு நிறத்தில் ஓடியது.

நான் இப்படிக் கதை கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி எங்கே இருந்தாள்? மேலே, அறையில், படுத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் இறங்கும்போதே, "என்னங்க, தலை பாரமா இருக்கு" என்றாள். "ரயில் புகை" என்றேன். படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். "மூட்டு வலின்னு நடக்கறதையே விட்டுட்ட, அதான்" என்றேன். மருமகள் கட்டிக்கொடுத்த புளிசாதத்தைத் தொடவில்லை. ஒரு பாராசிட்டமால் கொடுத்தேன். இது இரண்டாவது பற்று.

ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மகன் பக்கத்து அறையில் இருந்து வந்து, "அப்பா, கிளம்பிடலாமா?" என்றான். நான் யோசித்தேன். என்ன யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 190 டாலர், இரண்டு ராத்திரிக்கு 380. பணம் திரும்பத் தரப்படாது என்று முன்பதிவுச் சீட்டில் போட்டிருந்தது. எண்பத்து நான்கால் பெருக்கினால் 31,920 ரூபாய். அது எங்கள் அறைக்கு மட்டும். மகன் அறை தனி. "காலைல சரியாயிடும்டா. ராத்திரில மலைப் பாதைல எதுக்கு?" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். இது மூன்றாவது பற்று.

பதினோரு மணிக்கு அவளுக்கு இருமல் வந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்துகொண்டாள். வெந்நீர் எடுக்கக் கீழே போனேன். படிச் சத்தம் கேட்டு அந்த அம்மா வெளியே வந்தார். "மனைவிக்கு உடம்பு சரியில்லை, வெந்நீர் வேண்டும்" என்றேன். அவர் வெந்நீரை எடுக்கவில்லை. ஒரு டிராயரைத் திறந்து, விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படி ஏறினார். கொரோனா சமயத்தில் நாம் எல்லோரும் வாங்கினோமே, அதே ஆக்ஸிமீட்டர். எங்களுடையது இங்கே அலமாரியில் பத்திரமாக இருந்தது.

முதலில் தன் விரலில் மாட்டிக் காட்டினார்: 92. என் விரலில்: 87. பிறகு என் மனைவி விரலில் மாட்டினார். 73. நான் கருவி கெட்டுப்போயிருக்கிறது என்றேன். அவர் இன்னொரு விரலில் மாட்டினார். 73.

"இவர் இப்போதே கீழே இறங்க வேண்டும்" என்றார். அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். நண்பர்களே, நான் வாழ்க்கையில் கேட்ட கேள்விகளில், திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் முதலில் அதைத்தான் எடுத்துக்கொள்வேன். "நாங்கள் இப்போது கிளம்பினால் அறைப் பணம் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "பணத்தை நாளைக்குப் பேசலாம். நாளைக்குப் பேச இவர் இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்து 911 அழைத்தார். என் மனைவிக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குப் புரிந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆம்புலன்ஸில் வந்த இரண்டு பேர் முதலில் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். ஊரில் ஆஸ்பத்திரி இல்லை, துராங்கோ போக வேண்டும். இங்கே ஒரு விசித்திரம் கேளுங்கள். சில்வர்ட்டன் ஒரு கிண்ணத்தின் அடி என்றேன் இல்லையா? அங்கிருந்து காரில் கீழே இறங்க வேண்டுமானால் முதலில் மேலே ஏற வேண்டும். மோலஸ் கணவாய் 10,910 அடி, அதைத் தாண்டினால் கோல் பேங்க் கணவாய் 10,640 அடி. வடக்கே போனால் ரெட் மவுண்டன் கணவாய், அது 11,018. எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம். மகன் கூப்பிட்டபோதே காரில் கிளம்பியிருந்தால் ஆக்ஸிஜன் இல்லாமல் அந்த ஏற்றத்தை ஏறியிருப்போம். சும்மா இருந்திருந்தாலும் ஆபத்து. இரண்டு பக்கமும் பள்ளம் இருந்த இடத்தில் எங்களை நடுவழியில் நடத்தினது அந்த அம்மாவின் ஒரு ஃபோன்தான்.

துராங்கோ சுமார் 6,500 அடி. நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன். மறுநாள் மத்தியானம் என் மனைவி கண்ணைத் திறந்து கேட்ட முதல் வார்த்தை, "அந்தப் புளிசாதம் இருக்கா?"

இப்போது உங்களுக்குப் பயன்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கியதை அப்படியே சொல்கிறேன். நம் வைத்தியருக்குப் பதில் இது ஆகாது. போகும் முன் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைகிறது. 9,300 அடியில் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்ஸிஜன், கடற்கரையில் கிடைப்பதில் சுமார் பத்தில் ஏழு பங்குதான். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அவகாசம் கேட்கும். பொதுவாக 8,000 அடிக்கு மேலே தூங்கப் போகிறவர்களுக்கு இது வரலாம். வயசு, திடகாத்திரம் பார்த்து வருவதில்லை, இளைஞனுக்கும் வரும். தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை வந்தால் மேற்கொண்டு ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் வந்தாலோ நுரையீரலில் நீர். தள்ளாடி நடந்தாலோ, பேச்சு குழறினாலோ மூளையில் வீக்கம். இந்த இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆக்ஸிஜன் கொடுப்பது, கீழே இறக்குவது, இவைதான் வைத்தியம்.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன்? நம்மில் எட்டுப் பேர் வரும் மே மாதம் பத்ரி, கேதார் போகப் பணம் கட்டியிருக்கிறீர்கள். கேதார்நாத் 11,700 அடிக்கு மேல். ஹெலிகாப்டரில் போகலாம் என்று பேசிக்கொள்கிறீர்கள். கால் வலிக்காது, உண்மை. ஆனால் உடம்புக்குப் பழக நேரமே கொடுக்காமல் சில நிமிஷத்தில் கொண்டுபோய் மேலே வைத்துவிடும். லே போகிறவர்களுக்கும் இதே கதை. விமானத்தை விட்டு இறங்கும்போதே சுமார் 10,700 அடி. அதனால் வழியில் நடுத்தர உயரத்தில் ஒன்றிரண்டு ராத்திரி தங்குங்கள். போன உடனே ஓடியாடாதீர்கள். தண்ணீர் குடியுங்கள். முன்கூட்டிச் சாப்பிட ஒரு மாத்திரை உண்டு, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, டாக்டர் சொன்னால் மட்டும். அலமாரியில் தூங்குகிற ஆக்ஸிமீட்டருக்குப் புது பேட்டரி போட்டு எடுத்துப் போங்கள். பிள்ளைகளிடம் வெளிநாடு போகிறவர்கள், பயணக் காப்பீட்டில் ஆம்புலன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று இங்கேயே பார்த்துவிடுங்கள். எங்களுடையதில் சேர்ந்திருந்தது, அது என் சாமர்த்தியம் அல்ல, மருமகள் எடுத்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், கூட வருகிறவர் "தலை வலிக்குது" என்றால் காரணம் கண்டுபிடித்துச் சொல்லாதீர்கள். நான் மூன்று காரணம் சொன்னேன். மூன்றும் தப்பு.

கடைசியாக, அந்தக் கணக்கு. இரண்டு நாள் கழித்து நானும் மகனும் மட்டும் பெட்டிகளை எடுத்துவர மேலே போனோம். அந்த அம்மா லெட்ஜரைத் திறந்து வைத்திருந்தார். எங்கள் பெயர்களுக்கு எதிரே இருந்த தொகைகளை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருந்தார். அழித்தல் இல்லை, வெள்ளை மை இல்லை. நாங்கள் வங்கியில் எப்படிச் செய்வோமோ அப்படி. இரண்டு ராத்திரிப் பணமும் திரும்பி வந்துவிட்டது. நான், "ஒரு ராத்திரி அறையைப் பயன்படுத்தினோம், அதை எடுத்துக்கொள்ள வேண்டும்" என்றேன். "பாதி ராத்திரிதானே" என்றார். "பாதிக்குக் கணக்கு கிடையாது, நான் வங்கிக்காரன்" என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு ராத்திரிக்கு மட்டும் வாங்கிக்கொண்டு மறுபடியும் லெட்ஜரில் எழுதினார். நான் கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்டேன். "பயந்துபோனால் எல்லோரும் பணத்தைப் பற்றித்தான் கேட்பார்கள்" என்றார். அது என்னைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை. பயத்தில் கேட்கவில்லை, பழக்கத்தில் கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய இன்னொருவர் இதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். "போதும் விடுங்க" என்று சொல்லிவிட்டாள். ஆனால் நேற்று இந்தப் பேச்சை எழுதி வாசித்துக் காட்டினபோது, "எல்லாம் சரி, அந்த ரயிலைப் பத்தி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். எவ்வளவு அழகா இருந்தது தெரியுமா" என்றாள்.

அவளுக்குத் திரும்பவும் அந்த ரயிலில் போக வேண்டுமாம். போவோம். இந்தத் தடவை துராங்கோவில் மூன்று ராத்திரி. சில்வர்ட்டனில் தங்காமல் அன்றைக்கே திரும்பிவிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ரயில் அங்கே நிற்கிற இடைவேளையில் அந்த விடுதிக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வருவோம்.